அப்பாவ கூட்டிக்கிட்டு ஹெல்சிங்கி போனோம்

பிப்ரவரில போயிட்டு வந்தது, இப்பத்தான் எழுத உக்காந்திருக்கேன். ஊர்ல யாருகிட்ட சொன்னாலும் "குளிரு ஜாஸ்தியோ?"னு ஒரு கேள்வி கேட்டுட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுறாங்க. எனக்கு சொல்ல வேண்டியது குளிரப் பத்தி மட்டும் இல்ல, எங்கப்பா கடல் மேல நடந்தாரு, அதப் பத்தி. அதுக்கு போட்டோ இல்ல, ஏன் இல்லைங்கிறது பின்னாடி வரும், போட்டோ இல்லாததாலதான் மறக்குறதுக்கு முன்னாடி எழுதி வச்சிரணும்னு தோணுச்சு.

நாங்க பாம்பன். அப்பா நாப்பது வருசத்துக்கு மேல கடலுக்குப் போறவரு, விசைப்படகுல டிரைவரு. அக்கா நர்சிங் படிச்சுட்டு பின்லாந்து பாஷைய கத்துக்கிட்டு ஹெல்சிங்கில வயசானவங்கள பாத்துக்குற ஹோம்ல வேலை பாக்குது, மச்சானும் அங்கதான். டிசம்பர்ல அக்காவுக்கு பொம்பளப் புள்ள பொறந்துச்சு, அம்மா பிரசவம் பாக்க மொதல்லயே போயிருச்சு. ஐரோப்பாவுக்குப் போற ஷெங்கன் விசாவுல 180 நாளைக்குள்ள 90 நாள்தான் இருக்க முடியும், அதனால பிப்ரவரி கடைசில அம்மா திரும்பணும், நானும் அப்பாவும் போயி பேத்திய பாத்துட்டு மூணு வாரம் இருந்துட்டு அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துரலாம்னு முடிவாச்சு. அப்பா போட்ட ஒரே கண்டிசன், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு முன்னாடி ஊருக்கு வந்துரணும்.

பெட்டி கட்டுறப்ப பெரிய வாக்குவாதம் கருவாட்டுலதான். ஏர்போர்ட்ல புடிச்சுருவாங்கனு ஊர்ல எல்லாரும் பயமுறுத்துனாங்க. நான் ரூல்ஸ எடுத்துப் படிச்சேன், ஐரோப்பாவுக்குள்ள நம்ம ஊர்லருந்து கறி, பால் சம்பந்தப்பட்டத கொண்டு போகக்கூடாது, ஆனா மீனு, கருவாடு சொந்த சாப்பாட்டுக்குன்னா ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் கொண்டு போகலாம். அப்பறம் என்ன, நெத்திலிக் கருவாடு, சீலாக் கருவாடு, புளி, கருப்பட்டி, பனங்கிழங்க அவிச்சு காய வச்சு ஒரு கட்டு, அம்புட்டையும் பாலித்தீன் கவர்ல மூணு சுத்து சுத்தி டேப்பு ஒட்டுனோம். சேது எக்ஸ்பிரஸ்ல மெட்ராசு, அங்கருந்து தோகா, தோகாவுலருந்து ஹெல்சிங்கி. புதுப் பாலத்துல ரயிலு போறப்ப அப்பா ஜன்னல் வழியா தண்ணியப் பாத்துக்கிட்டே வந்தாரு, வாடை ஓஞ்சு கடலு நல்லா தெளிஞ்சு கெடந்துச்சு.

போயி எறங்குனப்ப சாயங்காலம் இருட்டிருச்சு, மைனஸ் 14. மைனஸ் 14னா என்னன்னு நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு யோசிக்க முடியாது, ஐஸ் பேக்டரில மீனு வைக்கிற ரூமுக்குள்ள போயிருக்கேன், அதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. மூச்ச இழுத்தா மூக்குக்குள்ள இருக்குற முடி வெறைச்சு குத்துறது தெரியுது. மச்சான் முன்னாடியே சொல்லிருந்தாரு, மெட்ராசுல வாங்குற ஜெர்கின் எதுக்கும் ஆகாது, காச வீணாக்காதீங்க, நான் இங்க வாங்கி வைக்கிறேன்னு. அங்க பழைய துணி விக்கிற கடைங்க நெறைய, கிர்ப்புதோரினு சொல்றாங்க, நல்ல வேலை பாக்குறவங்களே அங்கதான் வாங்குறாங்க, எங்க ரெண்டு பேருக்கும் கோட்டு, பூட்சு, கம்பளி சாக்ஸ் எல்லாம் அங்கருந்துதான். போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், உள்ள ஒட்டுன மாதிரி ஒரு தெர்மல், அது மேல கம்பளி, அது மேல காத்து பூராத கோட்டு, இப்படி மூணு அடுக்கு போடணும், ஒரே கனமான ஸ்வெட்டர் போட்டு பிரயோஜனம் இல்ல. பூட்சு ஒரு சைஸ் பெருசா இருக்கணும், காலு இறுக்கமா இருந்தா வெரலு செத்துப் போன மாதிரி ஆயிடும். ஆனா வீட்டுக்குள்ள போனா 21 டிகிரி! ஜன்னலுக்கு மூணு கண்ணாடி, ஊருக்கே பொதுவா சுடுதண்ணிக் கொழாய் ஓடுது, அதுல வர்ற சூட்டுல வீடு கதகதன்னு இருக்கு. அப்பா பனியனோட உக்காந்து பேத்திய மடியில வச்சிருந்தாரு.

மறுநா காலைல எந்திரிச்சு ஜன்னல் கிட்ட போனோம். அக்கா வீடு வுவோசாரினு ஒரு ஏரியா, ஹெல்சிங்கிக்கு கெழக்க, மெட்ரோ கடைசி ஸ்டேசன். எட்டு மணிக்குத்தான் விடிஞ்சுச்சு. ஜன்னலுக்கு வெளிய சில மரம், அதுக்கு அங்கிட்டு வெள்ளையா ஒரு பொட்டல், கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும். அப்பா சொன்னாரு, "எம்புட்டு பெரிய பொட்டலு, ஒருத்தனும் வெள்ளாம வைக்கல பாரு." அக்கா அடுப்படியிலருந்து, "அப்பா அது பொட்டல் இல்லப்பா, கடலு."

அப்பா ஒண்ணும் சொல்லல. காபி ஆறுற வரைக்கும் அங்கயே நின்னாரு. அந்தக் கடற்கரைக்குப் பேரு அவுரின்கோலஹ்தி, சூரிய விரிகுடானு அர்த்தமாம். அதுல ரெண்டு மூணு புள்ளியா ஆளுங்க நடந்து போறது தெரிஞ்சுச்சு, ஒருத்தரு நாயக் கூட்டிக்கிட்டு போறாரு, ஒரு அம்மா ஸ்கீ கட்டைய மாட்டிக்கிட்டு சறுக்கிக்கிட்டு போவுது. மச்சான் வாங்க மாமா போயிட்டு வரலாம்னு கூப்பிட்டாரு. "இருக்கட்டும் மாப்ள, பெறகு பாப்போம்"னுட்டாரு. அடுத்த ஆறு நாளும் இதே பதிலுதான். பயமா இருக்குமோன்னு நான் நெனச்சேன். அது பயமில்லனு பின்னாடிதான் புரிஞ்சுச்சு.

அம்மா கதை தனியா சொல்லணும். டிசம்பர்ல மூணேகால் மணிக்கெல்லாம் பொழுது அடைஞ்சுரும் அங்க, காலைல ஒம்பதர வரைக்கும் விடியாது, அந்த இருட்டுலயே ரெண்டு மாசம் இருந்து பழகி எங்களுக்கு வழி காட்டுற ஆளா ஆயிருச்சு அம்மா. ஆனா ஒரு விசயத்துல மட்டும் அக்காவுக்கும் அம்மாவுக்கும் தெனம் சண்டை. அங்க கைப்புள்ளைங்கள தள்ளுவண்டில போட்டு, நல்லா போத்தி, வெளிய பால்கனில பனியிலதான் பகல்ல தூங்க வைப்பாங்க, மைனஸ் 10 வரைக்கும் பரவால்லனு அவங்களுக்கு ஒரு கணக்கு, அந்த ஊர்ல தலைமுறை தலைமுறையா அப்படித்தான். அம்மாவுக்கு நெஞ்சே வெடிச்சிருச்சு. "பச்சப்புள்ளைய எவளாச்சும் வெளிய கொண்டு போயி போடுவாளா, சளி புடிச்சா யாரு பதில் சொல்லுவா?" அக்கா நர்சு, அது ஒரு பக்கம் வாதாடுது. நான் பாத்தேன், வெளிய இருந்த ரெண்டு மணி நேரமும் பாப்பா அசையாம தூங்குச்சு, கன்னம் மட்டும் செவந்து தக்காளியாட்டம் இருந்துச்சு. அம்மா அந்த ரெண்டு மணி நேரமும் உள்ள கண்ணாடிக்கிட்ட சேரு போட்டு உக்காந்து புள்ள மூச்சுல வர்ற ஆவிய எண்ணிக்கிட்டு இருந்துச்சு. கடைசி வரைக்கும் ஒத்துக்கல. ஆனா அரசாங்கம் குடுக்குற பேறுகாலப் பெட்டிய மட்டும் அம்மா மனசார பாராட்டுச்சு. ஒரு அட்டைப்பெட்டி, உள்ள புள்ளைக்கு வேண்டிய சட்டை, குல்லா, பனிக்கு போடுற முழு உடுப்பு, போர்வை எல்லாம் இருக்கும், அடில மெத்தை, அந்தப் பெட்டியிலயே புள்ளைய படுக்க வைக்கலாம். 1938ல ஏழைத் தாய்மாருக்குன்னு ஆரம்பிச்சு 1949லருந்து எல்லாத் தாய்க்கும் குடுக்குறாங்க. "நம்ம ஊர்லயும் இப்படி ஒரு பெட்டி கெடச்சா நல்லாருக்கும்"னு அம்மா சொன்னத நானும் நெனச்சுப் பாக்குறேன்.

தள்ளுவண்டில புள்ள இருந்தா கூடப் போற ஆளுக்கு பஸ்சு, டிராமு டிக்கெட் கெடையாது, இத அம்மாதான் சொல்லிக் குடுத்துச்சு. அதனால பாப்பாவோடயே ஊரு சுத்துனோம்.

நடு ஊர்ல செனட் சதுக்கம். வெள்ளை வெளேர்னு கதீட்ரல், மேல பச்சைக் கும்பா, எங்கல்னு ஒரு ஜெர்மன்காரர் வரைஞ்ச கட்டடம், அவரு 1840ல எறந்துட்டாரு, கோயிலு 1852லதான் முடிஞ்சுச்சு. அது லுத்தரன் கோயிலு, அந்த நாட்டுல பெரும்பாலும் லுத்தரன்தான். நாங்க கத்தோலிக்கம், அதனால ஞாயித்துக்கெழம பூசைக்கு புனித ஹென்றி கதீட்ரலுக்குப் போனோம், 1860லருந்து இருக்குற செங்கல் கோயிலு, சின்னதுதான், நம்ம ஊரு கோயிலு கூட்டத்த நெனச்சா அங்க இருந்தவங்க கொஞ்சம் பேருதான், ஆனா எத்தன நாட்டு மொகம்! பூசை முடிஞ்சு வெளிய வந்தா எல்லாரும் குல்லாவ மாட்டிக்கிட்டு ஒரே மாதிரி ஆயிட்டாங்க.

நடக்குறது பெரிய வேலை. ரோட்டோரம் பனி உருகி திரும்ப உறைஞ்சு கண்ணாடியாட்டம் கெடக்கும், அது மேல சரளைக்கல்ல தூவி வச்சிருப்பாங்க, அப்படியும் வழுக்கும். நான் ரெண்டு தடவ விழுந்தேன், மொழங்கை வீங்கிப் போச்சு. அப்பா ஒரு தடவ கூட விழல. பாதத்த முழுசா பதிச்சு, முட்டிய லேசா மடக்கி, கைய கொஞ்சம் வெளிய வச்சு, அலையில ஆடுற படகுல அணியத்துலருந்து பின்னாடி வரைக்கும் எப்படி நடப்பாரோ அப்படியே நடந்தாரு. மச்சான் அதப் பாத்துட்டு, இந்த ஊரு ஆளுங்களே மாமா அளவுக்கு நடக்க மாட்டாங்கன்னாரு.

தெம்ப்பெலியாவுக்கியோனு ஒரு பாறைக் கோயிலு இருக்கு, 1969ல தொறந்தது, அண்ணன் தம்பி ரெண்டு பேரு வரைஞ்சது. பாறைய மேலருந்து கொடைஞ்சு உள்ள கோயிலு, செவுரு முழுக்க பச்சைப் பாறை, பூச்சே இல்ல, மேல செம்புப் பட்டையில சுத்துன கூரை. உள்ள உக்காந்திருந்தப்ப யாரோ பியானோ வாசிச்சாங்க, பாறையிலருந்து சத்தம் வர்ற மாதிரி இருந்துச்சு. அந்த நாட்டு இசையமைப்பாளர் சிபேலியஸ் நெனைவுச் சின்னமும் பாத்தோம், 600க்கு மேல இரும்புக் கொழாய வெல்டு வச்சு நிக்க வச்சது, அதுக்குள்ள பனி அடைஞ்சு போயி கெடந்துச்சு, ரொம்ப நேரம் நிக்க முடியல.

எல்லாத்த விடவும் அம்மாவுக்குப் புடிச்சது நூலகம். ஓடினு பேரு, 2018 டிசம்பர்ல தொறந்தது, நாடாளுமன்றத்துக்கு நேர் எதுக்க, மரத்துல செஞ்ச கப்பலாட்டம் வளைஞ்சு நிக்குது. மேல் மாடில புத்தகம், நடு மாடில தையல் மெசினு! யாரு வேணா போயி தைக்கலாம். அம்மா ஊர்ல இருபது வருசம் தையல் மெசின் மிதிச்ச ஆளு. ஊர்லருந்து கொண்டு வந்த பழைய பருத்திச் சேலைய வெட்டி, அந்த மெசின்ல உக்காந்து பாப்பாவுக்கு நாலு ஜப்லா தச்சுச்சு. பக்கத்து மெசின்ல ஒரு பின்லாந்து பொண்ணு திரைச்சீலை தச்சுக்கிட்டு இருந்துச்சு, பாபின் நூலு சிக்கிக்கிச்சு, அம்மா எந்திரிச்சுப் போயி ஒண்ணும் பேசாம எடுத்து விட்டுட்டு வந்துருச்சு. வெளிய பனி கொட்டுது, உள்ள எங்கம்மா ஜப்லாவுக்கு முடிச்சு வச்சுக்கிட்டு இருக்கு, அந்தக் காட்சி எனக்கு மறக்காது.

செனட் சதுக்கத்துக்குப் பக்கத்துலயே ஹெல்சிங்கி பல்கலைக்கழகம். சிந்துவெளி எழுத்தப் பத்தி வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ண அஸ்கோ பர்போலா இங்க பேராசிரியரா இருந்தவரு, 2010ல கோயம்புத்தூர் செம்மொழி மாநாட்டுல அவருக்கு விருது குடுத்தாங்க. சிந்துவெளி முத்திரையில இருக்குற மீன் குறிய 'மீன்'னே படிக்கணும், அது தமிழ்ல நட்சத்திரத்தையும் குறிக்கும்னு சொன்னவரு, ஆறு கோடும் ஒரு மீனும் சேந்து வந்தா அறுமீன், அதாவது கார்த்திகைக் கூட்டம்னு வெளக்குறாரு. அது எல்லாரும் ஒத்துக்கிட்ட முடிவு இல்ல, அந்த எழுத்த இன்னும் யாரும் முழுசா படிச்சு முடிக்கல. ஆனா அந்தப் படிக்கட்டுல நின்னு அப்பாகிட்ட இத சொன்னப்ப அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "ராத்திரில தண்ணி சலனமில்லாம கெடந்தா வெள்ளியெல்லாம் கீழ தெரியும்டா, மீனு எது வெள்ளி எதுன்னு இருக்கும், பாத்தவன்தான் பேரு வச்சிருப்பான்"னாரு. எங்க பக்கம் நட்சத்திரத்த வெள்ளினுதான் சொல்லுவோம். இத அந்தப் பேராசிரியரு கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாருனு எனக்குத் தோணுது.

சுவோமென்லின்னா தீவுக்குப் போனது அப்பாவுக்காக. 1748ல சுவீடன்காரங்க கட்ட ஆரம்பிச்ச கடல் கோட்டை, 1808ல ரஷ்யா கைக்குப் போச்சு, 1991லருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. மார்க்கெட் சதுக்கத்துலருந்து கப்பலு, கால் மணி நேரம் இல்ல இருவது நிமிசம், பஸ் டிக்கெட்டே போதும். எல்லாரும் உள்ள ஹீட்டர் பக்கத்துல உக்காந்திருக்க அப்பா மட்டும் மேல்தட்டுல நின்னாரு, அவரு நிக்கிறாருன்னு நானும் நின்னேன். கப்பலு போயிப் போயி ஐஸ்ல ஒரு வாய்க்கா மாதிரி வழி விழுந்து கெடக்கு, அந்த வழியில ஒடைஞ்ச ஐஸ் துண்டெல்லாம் தோசைக்கல்லு சைசுல, கதவு சைசுல மெதக்குது, கப்பலு மோதயில டொங்கு டொங்குனு சத்தம், பக்கவாட்டுல கண்ணாடி நொறுங்குற மாதிரி சரசரனு ஓடுது. அப்பா கைப்பிடிய விட்டுட்டு இரும்பு மேல உள்ளங்கைய வச்சுப் பாத்தாரு, அந்த அதிர்வ கையில வாங்குறாரு. "நம்ம படகுன்னா ஒரு மணி நேரத்துல பலகை பொளந்துரும்"னு மட்டும் சொன்னாரு.

தீவுல பீரங்கி, சுரங்கப் பாதை, ராஜா வாசல்னு நெறைய இருக்கு, அதெல்லாம் வேகமா பாத்துட்டு வந்துட்டோம், காத்து மூஞ்சில பிளேடு வச்ச மாதிரி அறுக்குது. அப்பா நின்னது ஒரே எடத்துலதான், அங்க பள்ளமா ஒரு டாக் இருக்கு, 1750கள்ல கட்டுனது, தண்ணிய வெளிய எடுத்துட்டு கப்பல உள்ள நிறுத்தி வேலை பாக்குறது, இன்னைக்கும் மரக்கப்பல அதுலதான் ரிப்பேர் பாக்குறாங்க. மேல தார்ப்பாய் போட்டு மூடி ரெண்டு மூணு மரக்கப்பலு நின்னுச்சு. அப்பா கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து எட்டி எட்டிப் பாத்து, பலகை சேருற எடத்துல எப்படி கலப்பத்து அடிச்சிருக்காங்கனு எனக்கு வெளக்குனாரு, நம்ம ஊர்ல பஞ்சத் திணிச்சு அடிக்கிற அதே வேலைதான். அந்த ஊரு பேரு, ராஜா பேரு எதையும் அவரு ஞாபகம் வச்சுக்கல, அந்தப் பலகைய மட்டும் இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவாரு.

திரும்பி வந்து பழைய மார்க்கெட் கட்டடத்துல, 1889லருந்து இருக்கு, சால்மன் சூப்பு குடிச்சோம். பாலாடை, உருளைக்கெழங்கு, அது மேல சோம்புக்கீரை மாதிரி ஒரு பச்சை எல. கூட கருப்பு ரொட்டி. கை கால் எல்லாம் அப்பத்தான் திரும்ப என்கிட்ட வந்துச்சு. அப்பா கொழம்புல மொளகா இல்லயேனாரு, ஆனா கிண்ணத்த வழிச்சு குடிச்சிருந்தாரு.

ஏழாவது நாளு காலைல அப்பாவே சொன்னாரு, "மாப்ள, இன்னைக்குப் போவமா?"

மச்சான் ஒரு கடைக்குப் போயி நஸ்காலினு ஒண்ணு ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தாரு. கைக்கு அடக்கமான ரெண்டு பிடி, நுனில இரும்பு முள்ளு, கயித்துல கட்டி கழுத்துல தொங்கப் போட்டுக்கணும். ஐஸ் ஒடைஞ்சு உள்ள விழுந்துட்டா ஈர ஐஸ வெறுங்கையால புடிக்க முடியாது, வழுக்கிரும், இந்த முள்ள ரெண்டு கையிலயும் புடிச்சு குத்தி குத்தி மேல ஏறணும். கெட்டியான ஐஸ்னா 5 சென்டிமீட்டர் கனமே ஒரு ஆளத் தாங்கும்னு அந்த ஊரு கணக்கு, ஆனா ஆத்து வாயி, பாலத்தடி, கப்பல் போற வழி பக்கம் போகவே கூடாது. அப்பா அந்த முள்ள வெரலால தடவிப் பாத்துட்டு நல்ல சாமான்னாரு.

கரையில நாலஞ்சு சின்ன வள்ளம் கமுத்திப் போட்டு பனிக்குள்ள பொதைஞ்சு கெடந்துச்சு. அப்பா ஒண்ணு மேல இருந்த பனிய கையால தள்ளிட்டு, அடிய தட்டிப் பாத்தாரு, மரம்தான். அப்பறம் கரை முடிஞ்சு ஐஸ் ஆரம்பிக்கிற எடத்துல நின்னு, கையுறைய கழட்டிட்டு, குனிஞ்சு ஐஸ தொட்டு, நெத்தியில வச்சு, சிலுவை போட்டாரு. ஊர்ல தெனம் படகுல கால் வைக்கிறதுக்கு முன்னாடி கடல்தண்ணிய தொட்டு செய்றதுதான். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, கடல்ல கால வச்சு மிதிச்சு நடக்குறதுக்கு அவருக்கு ஆறு நாளு ஆயிருக்கு.

காலுக்கடியில பனி கறுக்கு கறுக்குனு சத்தம் போடுது, வாலிநோக்கம் உப்பளத்துல உப்புக் குமி மேல நடந்தா வர்ற சத்தம் அதேதான். ஒரு முக்கால் கிலோமீட்டர் போயிருப்போம். திரும்பிப் பாத்தா கரை தூரத்துல தெரியுது, படகுலருந்து பாத்தா தெரியிற மாதிரியே, ஆனா நாங்க நிக்கிறோம், ஆடல.

அங்க ஒரு பெரியவரு முக்காலில உக்காந்து மீனு புடிச்சுக்கிட்டு இருந்தாரு. எழுவது வயசுக்கு மேல இருக்கும். கையால சுத்துற ஒரு துளைக்கருவியால ஐஸ்ல ஓட்டை போட்டு, முழங்கை நீளம் கூட இல்லாத தூண்டில தொங்க விட்டு மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டு இருக்காரு. பில்க்கினு பேராம், அந்த நாட்டுல இப்படி தூண்டி போட லைசென்சே வேணாம், யாரு வேணா போடலாம். மச்சான் அவரு பாஷையில, எங்க மாமா இந்தியாவுல கடல் தொழிலாளினு சொன்னாரு. பெரியவரு அப்பாவ மேல கீழ பாத்தாரு, எந்திரிச்சாரு, முக்காலிய அப்பா பக்கம் தள்ளி விட்டாரு. அம்புட்டுதான் பேச்சு.

அப்பா மொதல்ல உக்காரல. மண்டி போட்டு ஓட்டைக்குள்ள கைய விட்டு ஐஸோட கனத்த அளந்தாரு, ஒரு சாணு, நாலு வெரலு. அப்பறம் ஈர வெரல நாக்குல வச்சாரு. மொகம் மாறிருச்சு. "டேய், இதுல உப்பே இல்லடா."

நெசம்தான். நம்ம கடல்ல லிட்டருக்கு முப்பது கிராமுக்கு மேல உப்பு, ஹெல்சிங்கி கடல்ல அஞ்சாறு கிராமுதான். பால்டிக் கடலுக்கு பெரிய கடலோட தொடர்பு டென்மார்க் பக்கம் ஒடுக்கமான வழிதான், அதுல நேவா மாதிரி ஆறுங்க நல்லதண்ணிய கொட்டிக்கிட்டே இருக்கு, குளிருனால ஆவியாகுறதும் கம்மி. பெருங்கடல் தண்ணி உறையணும்னா கிட்டத்தட்ட மைனஸ் 1.9 வரைக்கும் எறங்கணும், இங்க பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழ போனாலே போதும். நான் இதெல்லாம் முன்னாடியே படிச்சிருந்தேன், அப்பாவுக்கு சொல்லணும்னு வச்சிருந்தேன், அவரு நாக்குலயே கண்டுபுடிச்சிட்டாரு.

தூண்டி அவரு கைக்கு வந்தோன குச்சிய கீழ வச்சுட்டாரு. கையுறைய கழட்டிட்டு நூல நேரா ஆள்காட்டி வெரல்ல போட்டு, கணவாய்க்கு ஆட்டுற மாதிரி சின்னதா ஒரு சுண்டு, ஒரு நிறுத்து, ஒரு சுண்டு. பெரியவரு கண்ணு அந்த வெரல விட்டு அசையல. பத்து நிமிசம் இருக்கும், வெரலு நீலமா ஆயிருச்சு, நான் போதும்ப்பானு சொல்ல வாயத் தொறக்குறேன், ஒரே இழு. ஒரு சாணு நீளத்துல மீனு, பச்சை ஒடம்புல கருப்பா வரி வரியா, அடிச் செட்டை ரத்தச் செவப்பு, முதுகுச் செட்டைய முள்ளாட்டம் விரிச்சுக்கிட்டு ஐஸ் மேல துள்ளுது, ரெண்டு துள்ளுல ஒடம்பு பூரா பனி ஒட்டிக்கிச்சு. "அஹ்வென்"னு மீனு பேர சொன்னாரு பெரியவரு. அப்பா மீனு கண்ணப் பாத்து, செவுளத் தூக்கிப் பாத்து, "நல்ல மீனு"ன்னாரு. நான் போன எடுக்குறேன், அணைஞ்சு போயி கெடக்கு, குளிருல பேட்டரி செத்துருச்சு, மச்சான் போனும் அப்படியே. அதான் அந்த போட்டோ இல்ல.

அப்பத்தான் அந்த சத்தம் வந்துச்சு. தூரத்துலருந்து ஐஸுக்குள்ளயே டூவ்வ்வ்னு ஒரு முழக்கம், காலுக்கடியில ஓடி அந்தப் பக்கம் போயிருச்சு. எனக்கு உசிரே போயிருச்சு. குளிரு ஏறயில ஐஸ் சுருங்கி எங்கயாச்சும் கோடு விடுற சத்தம்தான், கெட்டி ஐஸ்லயும் அது வரும்னு மச்சான் சொன்னாரு. அப்பா அசையல. தலைய சாச்சு கேட்டுக்கிட்டே இருந்தாரு, இன்னொரு தடவ வருமானு.

அதுக்கப்பறம் தூண்டிய பெரியவர்கிட்ட குடுத்துட்டாரு, முக்காலியிலயே உக்காந்திருந்தாரு. பெரியவரு பக்கத்துல பைய போட்டு அது மேல உக்காந்தாரு. பிளாஸ்க்குலருந்து காபி ஊத்திக் குடுத்தாரு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, முக்கா மணி நேரம் இருக்கும், தூரத்துல ஒரு பெரிய கப்பலு ஐஸ்ல வழி வெட்டிக்கிட்டு போறத பாத்துக்கிட்டு. நான் பொறந்ததுலருந்து எங்கப்பா கடல்ல சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல. கடல்னா வலை, டீசல், ஐஸ் பாரு, ரேட்டு, காத்து, போன ஆளு திரும்பலயேங்கிற தவிப்பு. அன்னைக்கு அவரு கையில ஒரு வேலையும் இல்ல. அத ரொம்ப நேரம் பாக்கணும்னு எனக்கு இருந்துச்சு, காலு மரத்துப் போனதக் கூட சொல்லாம நின்னேன்.

வர்றப்ப பெரியவரு இன்னும் மூணு மீன கவர்ல போட்டுக் குடுத்தாரு. அம்மா செதிளு எடுக்க முடியாம திட்டுச்சு, அம்புட்டு கெட்டி, ஆனா புளி ஊத்தி கொழம்பு வச்சப்ப இனிப்பா இருந்துச்சு. அதுக்கப்பறம் கெளம்புற வரைக்கும் தெனம் காலைல அப்பா தனியாவே அங்க போயிட்டு வந்தாரு, கருப்பட்டித் துண்டு ஒண்ண பேப்பர்ல மடிச்சு எடுத்துக்கிட்டு.

திருவிழாவுக்கு முன்னாடியே ஊருக்கு வந்துட்டோம். நஸ்காலி இப்ப படகுல அந்தோணியார் படத்துக்குப் பக்கத்துல தொங்குது, கேக்குறவங்களுக்கெல்லாம் அப்பா கழட்டிக் காட்டுறாரு.

போன ஞாயித்துக்கெழம அக்கா வீடியோ கால்ல ஜன்னல் பக்கம் போன திருப்புச்சு. "அப்பா, கடலு தொறந்துருச்சு பாருங்க." வெயிலு, நீலத் தண்ணி, சின்ன சின்ன அலை. இங்க மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சு எங்க படகு கரையில கட்டிக் கெடக்கு. அப்பா போன கிட்ட வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "அந்தப் பெரியவரு இனி எங்க போயி உக்காருவாரு?"ன்னு கேட்டாரு.

"அவருக்கு ஒரு சின்ன வள்ளம் இருக்காம்ப்பா, கரையில கமுத்திப் போட்டிருந்துச்சே, நீங்க பனிய தள்ளிட்டு தட்டிப் பாத்தீங்கள்ல, அதுலதான் போவாராம்."

"அதுவா? அதுல பின்னாடி ஒரு பலகை சத்தம் சரியில்ல தாயி. எறக்குறதுக்கு முன்னாடி கலப்பத்து பாக்கச் சொல்லு."